பிளவுண்ட பெர்லினும் அது புகட்டும் பாடங்களும்

செருமனி நாட்டின் தலைநகராகிய பெர்லினில் நடந்து செல்வோர், சாலையின் குறுக்கே இரு வரிசையாகப் பதிக்கப்பட்ட கற்களை ஆங்காங்கே காணலாம். ஊர்திகள் அவற்றின்மீது ஏறிச் செல்கின்றன. சிறுவர்கள் தாண்டிக் குதிக்கின்றனர். பெரும்பாலோர் குனிந்து பார்ப்பதுமில்லை. ஆயினும் ஒரு காலத்தில் அக்கோட்டைத் தாண்ட முயன்றவர்கள் சுட்டு வீழ்த்தப்பட்டனர். அண்ணன் ஒருபுறமும் தம்பி மறுபுறமுமாக இருபத்தெட்டு ஆண்டுகள் வாழ்ந்த எல்லை அது. இன்று தரையோடு தரையாகக் கிடக்கும் அக்கற்கள், ஒரு நகரம் தன் காயத்தை மறவாதிருக்கத் தானே இட்டுக்கொண்ட அடையாளமாகும்.

ஒரு நகரம் எவ்வாறு இரண்டாகிறது? பிளந்தது எவ்வாறு மீண்டும் கூடுகிறது? கூடிய பின்னும் ஆறாதிருப்பது எது? இவ்வினாக்களுக்கு விடை காண விழைவோர் பெர்லினின் வரலாற்றை அறிதல் நலம்.

பிளவின் வித்து

பெர்லின் பிளவுண்ட கதையை மதில் எழுந்த நாளிலிருந்து தொடங்குவது வழக்கம். ஆனால் அதன் வித்து அதற்கு முன்பே ஊன்றப்பட்டுவிட்டது. 1933ஆம் ஆண்டில் இட்லர் ஆட்சிக்கு வந்தபோது அந்நகரில் ஏறத்தாழ 1,60,000 யூதர்கள் வாழ்ந்தனர். மருத்துவர்களாக, வணிகர்களாக, ஆசிரியர்களாக, இசைவாணர்களாக அவர்கள் நகரின் வாழ்வோடு கலந்திருந்தனர். "நம்மவர்", "பிறர்" என்னும் பகுப்பு முதலில் சொல்லில் தோன்றியது. பின்னர்ச் சட்டத்தில் ஏறியது. 1938 நவம்பர் 9ஆம் நாள் இரவில் நாடெங்கும் யூதர்களின் வழிபாட்டிடங்கள் தீக்கிரையாயின, கடைகள் நொறுக்கப்பட்டன. அதன்பின் நிகழ்ந்த பேரழிவை உலகம் அறியும்.

வெறுப்பினால் தொடங்கிய போர் 1945 மே மாதத்தில் பெர்லினை இடிபாட்டுக் குவியலாக்கி முடிந்தது. வென்ற நாடுகள் நான்கும் செருமனியை நான்கு மண்டலங்களாகப் பகுத்துக்கொண்டன. சோவியத்து மண்டலத்தின் நடுவே அமைந்திருந்த பெர்லினும் அவ்வாறே பகுக்கப்பட்டது. அதன் இருபது வட்டங்களில் எட்டு சோவியத்து நாட்டுக்கும், ஆறு அமெரிக்காவுக்கும், நான்கு பிரித்தானியாவுக்கும், இரண்டு பிரான்சுக்கும் உரியவாயின. ஆகவே மதில் என்பது தனித்தெழுந்த தீவினையன்று. முன் விதைத்த பகையின் அறுவடையே அது. இதனை மறந்து மதிலை மட்டும் நினைப்பது, நோயை விட்டுவிட்டுத் தழும்பை ஆராய்வதற்கு ஒப்பாகும்.

வானூர்திகள் சுமந்த உணவு

வென்றோர் நட்பு நெடுநாள் நிலைக்கவில்லை. 1948 சூன் மாதம் மேற்கு மண்டலங்களில் புதிய நாணயம் அறிமுகமாயிற்று. அதனை எதிர்த்த சோவியத்து அரசு, அம்மாதம் 24ஆம் நாள் மேற்கு பெர்லினுக்குச் செல்லும் சாலை, இருப்புப்பாதை, நீர்வழி அனைத்தையும் அடைத்தது. இருபது இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் உணவும் நிலக்கரியுமின்றித் தவிக்கும் நிலை உண்டாயிற்று.

அப்போது அமெரிக்காவும் பிரித்தானியாவும் வான்வழியே பொருள்களைக் கொண்டு சேர்க்க முனைந்தன. மாவும், உலர்ந்த உருளைக்கிழங்கும், பால்பொடியும், நிலக்கரியும் வானூர்திகளில் வந்திறங்கின. 1949 மே 12ஆம் நாள் முற்றுகை நீங்கிய பின்னரும் செப்டம்பர் வரை இப்பணி தொடர்ந்தது. மொத்தம் இரண்டே முக்கால் இலட்சத்துக்கும் மேற்பட்ட பறப்புகள். சுமந்து வந்த பொருள் ஏறத்தாழ 23 இலட்சம் டன்.

இதில் உள்ளத்தைத் தொடும் செய்தி ஒன்றுண்டு. நான்காண்டுகளுக்கு முன்பு அதே நாட்டு வானூர்திகளே அந்நகரின்மீது குண்டு பொழிந்தன. கேல் ஆல்வர்சன் என்னும் அமெரிக்க வானோட்டி, நிலையத்து வேலிக்கு வெளியே நின்ற சிறுவர்களுக்காகக் கைக்குட்டைகளைச் சிறு குடைகளாகக் கட்டி, அவற்றில் இனிப்புகளைத் தொங்கவிட்டு வானிலிருந்து தூவினார். குண்டுவீச்சுக்கு அஞ்சிப் பதுங்கிய குழந்தைகள் வானூர்தியின் ஒலி கேட்டு வெளியே ஓடி வந்தனர். பகைவன் என்னும் சொல் நிலையான ஒன்றன்று என்பதை அக்குழந்தைகள் எவ்வித உரையுமின்றி உணர்ந்தனர்.

ஓரிரவில் எழுந்த வேலி

1949இல் செருமனி இரு நாடுகளாயிற்று. எனினும் பெர்லினுக்குள் மக்கள் இருபுறமும் சென்று வர முடிந்தது. கிழக்கில் குடியிருந்து மேற்கில் வேலை பார்த்தோர் ஆயிரக்கணக்கானோர். அவ்வழியே நாட்டை விட்டு வெளியேறியோரும் பலர். 1949 முதல் 1961 வரை கிழக்குச் செருமனியிலிருந்து வெளியேறியோர் ஏறத்தாழ 27 இலட்சம். அவர்களுள் இளைஞரும் மருத்துவரும் பொறியாளரும் மிகுதி. தன் மக்கள் ஏன் செல்கின்றனர் என ஆராய்ந்து குறை களைவதற்கு மாறாக, வாயிலை அடைப்பதே வழியென அரசு கருதியது.

1961 சூன் 15ஆம் நாள் கிழக்குச் செருமனியின் தலைவர் உல்பிரிக்ட், மதில் கட்டும் எண்ணம் எவருக்கும் இல்லை எனச் செய்தியாளர்களிடம் கூறினார். இரண்டு திங்கள் கழியுமுன், ஆகஸ்டு 13, ஞாயிற்றுக்கிழமை விடியுமுன் முள்வேலி எழுந்தது. சனிக்கிழமை இரவு உறவினர் வீட்டுக்குச் சென்றவர்கள் காலையில் தம் வீடு திரும்ப இயலவில்லை. முள்வேலி பின்னர்க் கற்சுவராகி, அதன்பின் 3.6 மீட்டர் உயரமுள்ள காரைப் பலகைகளாகியது. மேற்கு பெர்லினைச் சூழ்ந்த எல்லையின் நீளம் ஏறத்தாழ 155 கிலோமீட்டர். அதில் நகரின் நடுவே ஓடியது 43 கிலோமீட்டர். உட்புறம் இன்னொரு சுவர். இடையே காலடி பதிந்தால் தெரியுமாறு சீவப்பட்ட மணற்பரப்பு, காவல் நாய்கள், ஏறத்தாழ 300 காவற்கோபுரங்கள். தன் மக்களைச் சிறைப்படுத்திய அம்மதிலுக்கு அரசு இட்ட பெயர் "பாதுகாப்பு அரண்" என்பதாகும்.

பெர்னவர் தெருவின் துயரம் தனித்தது. அங்கே வீடுகள் கிழக்குக்கும், வாசலுக்கு முன்னுள்ள நடைபாதை மேற்குக்கும் உரியவை. வாசற்கதவுகள் அடைக்கப்பட்டதும் மக்கள் சன்னல் வழியே குதித்தனர். கீழே மேற்குப் பகுதித் தீயணைப்பு வீரர்கள் வலை விரித்துத் தாங்கினர். இடா சீக்மன் என்னும் பெண்மணி ஆகஸ்டு 22ஆம் நாள் மூன்றாம் மாடியிலிருந்து மெத்தைகளை முன்னே எறிந்துவிட்டுக் குதித்து உயிரிழந்தார். மறுநாள் அவருடைய 59ஆம் பிறந்தநாள். இரு நாள் கழித்து குந்தர் லிட்பின் என்னும் 24 வயதுத் தையற்கலைஞர் நீந்திக் கடக்க முயன்றபோது சுடப்பட்டு இறந்தார். 1962 ஆகஸ்டு 17ஆம் நாள் பதினெட்டே வயதான பீட்டர் பெக்டர் சுடப்பட்டு, மதிலின் அடியில் ஏறத்தாழ ஒருமணி நேரம் குருதி சிந்திக் கிடந்து மாண்டார். இருபுறமும் மக்கள் பார்த்துக்கொண்டிருந்தனர். நெருங்கிச் செல்ல எவராலும் இயலவில்லை. மதிலால் உயிரிழந்தோர் குறைந்தது 140 பேர் என ஆய்வாளர்கள் கணித்துள்ளனர்.

சாவன்றி வேறு துயர்களும் இருந்தன. இரு பகுதிகளுக்கும் இடையே 1952இல் துண்டிக்கப்பட்ட தொலைபேசித் தொடர்பு 1971இல்தான் மீண்டது. 1963ஆம் ஆண்டுக் கிறித்துமசுக்கே முதன்முறையாக மேற்குப் பகுதியினர் கிழக்கிலுள்ள உற்றாரைக் காண இசைவுச் சீட்டு வழங்கப்பட்டது. கடுங்குளிரில் நெடுவரிசையில் நின்று, இலட்சக்கணக்கானோர் சில மணி நேரம் மட்டுமே உறவினரைக் கண்டு திரும்பினர். மேற்கின் சுரங்க இரயில்கள் சில கிழக்கின் அடியிலுள்ள நிலையங்களில் நில்லாமல் கடந்தன. மங்கிய விளக்கொளியில் ஆளற்றுக் கிடந்த அவற்றை மக்கள் பேய் நிலையங்கள் என்றனர்.

பிரிந்த நூலகம்

சமண நூற்கல்வியோடு தொடர்புடைய செய்தியொன்றும் ஈண்டு நினைக்கத்தக்கது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், இந்தியாவில் பணியாற்றிய அறிஞர் பூலர் வாயிலாகச் சமண ஏடுகள் பல பெர்லின் அரச நூலகத்தைச் சேர்ந்தன. ஆல்பிரெக்ட் வேபர் அவற்றை ஆராய்ந்து சமண ஆகமங்களைப் பற்றி 1883 முதல் விரிவாக எழுதினார். அவரிடம் பயின்ற எர்மன் யாக்கோபி, ஆசாராங்கத்தையும் கல்பசூத்திரத்தையும் ஆங்கிலத்தில் பெயர்த்து 1884இல் வெளியிட்டார். சமணம் பௌத்தத்தின் கிளையன்று, தனித்த தொன்மையுடைய சமயமே என மேலைநாட்டார்க்கு நிறுவியவர் அவரே. அந்நூலகத்தில் பணியாற்றிய வால்தர் சூபிரிங், அங்குள்ள சமண ஏடுகளுக்கு ஒரு விளக்கப் பட்டியல் தொகுத்து 1944இல் வெளியிட்டார்.

அப்பட்டியல் வெளிவந்த காலம் போர்க்காலம். குண்டுவீச்சுக்கு அஞ்சி நூலகத்தின் செல்வங்கள் நாடெங்கும் சுரங்கங்களிலும் மடங்களிலும் கோட்டைகளிலும் மறைத்து வைக்கப்பட்டன. போர் முடிந்தபோது கிழக்கு மண்டலத்தில் இருந்தவை கிழக்கிலும், மேற்கு மண்டலத்தில் இருந்தவை மேற்கிலும் தங்கின. பழைய கட்டடம் கிழக்கு பெர்லினில் நின்றது. மேற்கு பெர்லினில் 1978இல் புதிய கட்டடம் திறக்கப்பட்டது. ஒரே நூலகம் இரண்டாகி, ஒரே தொகுப்பின் நூல்கள் மதிலின் இருபுறமும் கிடந்தன. 1992 சனவரி முதல் நாளிலேயே இரண்டும் மீண்டும் ஒரே நிறுவனமாயின. அரசியல் வகுத்த கோடு மக்களை மட்டும் பிரிப்பதில்லை. பல தலைமுறைகள் கூடிச் சேர்த்த அறிவையும் பிரித்துவிடுகிறது என்பதற்கு இது தக்க சான்றாகும்.

மெழுகுவர்த்திகளும் ஓர் அலுவலரும்

மதில் வீழ்ந்த வரலாறு படைகளின் வரலாறன்று. லைப்சிக் நகரத்துப் புனித நிக்கோலாசு தேவாலயத்தில் 1982 முதல் திங்கள்தோறும் அமைதிக்கான வழிபாடு நடைபெற்று வந்தது. சிலரே கூடிய அவ்வழிபாடு, 1989இல் பெருந்திரளான ஊர்வலமாக மாறியது. அக்டோபர் 9ஆம் நாள் ஏறத்தாழ 70,000 பேர் வீதிக்கு வந்தனர். ஆயுதம் தாங்கிய காவலர் அணிவகுத்து நின்றனர். மருத்துவமனைகளில் கூடுதல் குருதி சேர்த்து வைக்கப்பட்டுள்ளதாக ஊரெங்கும் பேச்சு. மக்கள் கையில் ஏந்தியவை மெழுகுவர்த்திகள். அவர்கள் முழங்கியது "வன்முறை வேண்டாம்" என்பது. மெழுகுவர்த்தி ஏந்துபவனுக்கு ஒரு கை அதனைப் பிடிக்கவும், மறுகை சுடர் அணையாது காக்கவும் வேண்டும். கல்லெடுக்கக் கை இராது என அத்தேவாலயப் போதகர் பின்னாளில் விளக்கினார். அன்றிரவு ஒரு துப்பாக்கியும் வெடிக்கவில்லை. அகிம்சை என்பது வலியற்றோரின் புகலிடம் என்பார்க்கு அந்த இரவு போதிய மறுமொழியாகும்.

ஒரு திங்கள் கழிந்து, 1989 நவம்பர் 9ஆம் நாள் மாலை, கட்சியின் சார்பில் பேசிய குந்தர் சபோவ்ஸ்கி புதிய பயண விதிகளைச் செய்தியாளர்களிடம் படித்தார். அவை எப்போது நடைமுறைக்கு வரும் என்னும் வினாவுக்கு, தாமறிந்தவரை உடனடியாக என விடையளித்தார். மறுநாள் முறைப்படி நடைபெற வேண்டிய ஒன்று அக்கணமே ஊரெங்கும் பரவியது. மக்கள் எல்லைச் சாவடிகளை நோக்கித் திரண்டனர்.

போர்ன்ஓல்மர் தெருச் சாவடியில் அன்றிரவு பொறுப்பிலிருந்தவர் அரால்டு யேகர் என்னும் அலுவலர். அவர் மேலிடத்தைப் பலமுறை தொலைபேசியில் அழைத்தும் தெளிவான ஆணை வரவில்லை. வெளியே கூட்டம் பெருகிக்கொண்டிருந்தது. நெரிசலில் உயிர்கள் மடியலாம். அஞ்சிய காவலன் ஒருவன் சுட்டுவிடலாம். இரவு ஏறத்தாழ பதினொன்றரை மணிக்கு, மேலிடத்து இசைவின்றியே, தடையைத் திறக்குமாறு தம் வீரர்களுக்கு அவர் கட்டளையிட்டார். அம்மதிலைக் காத்து நின்றவர்களுள் ஒருவரே அதனைத் திறந்துவிட்டார். 1990 அக்டோபர் 3ஆம் நாள் செருமனி மீண்டும் ஒரே நாடாயிற்று.

உள்ளத்தில் நின்ற மதில்

காரைச் சுவரை இடிக்கச் சில திங்கள் போதும். ஆனால் பெர்லின் மக்கள் "தலைக்குள் நிற்கும் மதில்" என ஒன்றைக் குறிப்பிடுவதுண்டு. கிழக்கில் ஆயிரக்கணக்கான தொழிற்சாலைகள் கைமாறின, பல மூடப்பட்டன. நேற்றுவரை மதிப்போடு உழைத்தோர் வேலையிழந்தனர். தம் வாழ்நாள் உழைப்பு முழுவதும் வீண் எனப் பிறர் கருதுவதாக அவர்கள் வருந்தினர். தாம் ஈட்டிய பொருளைக் கிழக்குக்காகச் செலவிடுவதாக மேற்கினர் முணுமுணுத்தனர். ஒருவர் வீட்டில் மற்றவர் விருந்தினராக வந்து சேர்ந்ததுபோல் அமைந்த ஒன்றிப்பு, ஒப்புரவாக முதிர நெடுங்காலம் வேண்டியிருந்தது.

இன்னொரு காயம் இதனினும் ஆழமானது. கிழக்குச் செருமனியின் உளவுத்துறையில் 1989இல் ஏறத்தாழ 91,000 முழுநேரப் பணியாளரும், அவர்களுக்கு மறைவாகத் துப்புக் கொடுப்போர் ஏறத்தாழ 1,89,000 பேரும் இருந்தனர். அத்துறை சேர்த்த கோப்புகளை வரிசையாக அடுக்கினால் நூறு கிலோமீட்டரைக் கடக்கும். அவற்றை எரித்துவிட்டு மறப்பதா, திறந்து காட்டுவதா என்னும் வினா எழுந்தது. திறப்பதென்றே முடிவாயிற்று. 1992 சனவரி முதல் மக்கள் தத்தம் கோப்பினைப் படிக்கலாயினர். தம்மைப் பற்றித் துப்புக் கொடுத்தவர் நண்பர் எனச் சிலரும், உடன் பணியாற்றியவர் எனச் சிலரும் அறிந்தனர். போராட்டக் களத்தில் நின்ற ஒரு பெண்மணி, துப்புக் கொடுத்தவர் தம் கணவரே என அறிந்தார். உண்மை சுட்டது, ஆயினும் குற்றம் செய்தவர் இன்னார் எனத் தெரிந்த பின்னரே மன்னிப்பு என்னும் சொல்லுக்குப் பொருள் உண்டாயிற்று. மறைத்து வைத்த பிழையை எவரும் மன்னிக்க இயலாது.

காவலர்கள்மீது வழக்குகளும் நடைபெற்றன. ஆணைக்குக் கீழ்ப்படிந்தோம் என்பதே அவர்களின் வாதம். 1989 பிப்ரவரியில் சுடப்பட்ட 20 வயது இளைஞர் கிறிசு கெப்ராயின் வழக்கில் 1992இல் தீர்ப்பு வந்தது. மனிதர் உயிரைப் பறிக்கும் ஆணை சட்டநூலில் இருப்பினும், அது மனச்சான்றைப் பணிநீக்கம் செய்துவிடுவதில்லை என்பதே அவ்வழக்குகள் உணர்த்திய நெறி. கடைநிலைக் காவலரோடு நில்லாமல், ஆட்சித் தலைமையிலிருந்த ஏகோன் கிரென்சும் 1997இல் தண்டனை பெற்றார்.

நினைவைக் காத்தல்

மதில் வீழ்ந்ததும், அதன் சுவடே இருத்தலாகாது எனப் பலர் விரும்பினர். அவர்கள் விருப்பம் இயல்பானதே. அன்றாடம் அதைப் பார்த்துத் துன்புற்றவர்கள் அவர்கள். ஆனால் பெர்னவர் தெருவின் போதகர் மான்பிரெட் பிசர் அதன் ஒரு பகுதியாவது நிலைக்க வேண்டுமென வாதாடினார். அவருடைய "ஒப்புரவுத் தேவாலயம்" இரு சுவர்களுக்கும் இடைப்பட்ட சாவு நிலத்தில் சிக்கி, மக்கள் நுழைய முடியாததாகி, 1985இல் அரசினால் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. அதனை இழந்தவரே மதிலைக் காக்க முன்வந்தார் என்பது கருதத்தக்கது. இன்று அத்தெருவில் மதிலின் ஒரு பகுதி நினைவிடமாக நிற்கிறது. இறந்தோரின் பெயர்களும் படங்களும் அங்கே வைக்கப்பட்டுள்ளன.

நினைவு நாளைத் தேர்ந்ததிலும் ஒரு நேர்மை உண்டு. மதில் திறந்த நவம்பர் 9ஆம் நாளே நாட்டு விழாவாகத் தக்கது எனத் தோன்றும். ஆயினும் 1938இல் யூதர்களின் வழிபாட்டிடங்கள் எரிந்ததும் அதே நாளில்தான். ஆகவே மகிழ்ச்சி விழாவாக அந்நாளைக் கொள்ளாமல், அக்டோபர் 3ஆம் நாளையே விழாவாகக் கொண்டனர். தாம் பட்ட துன்பத்தை மட்டும் நினைந்து, தாம் இழைத்த துன்பத்தை மறக்கும் நினைவு அரைகுறை நினைவேயாகும்.

இன்றைக்குரிய பாடங்கள்

பிளவுண்ட நகரங்களின் கதை பெர்லினோடு முடியவில்லை. சைப்ரசு நாட்டின் தலைநகர் நிக்கோசியா, ஐக்கிய நாடுகளின் படை காக்கும் இடைநிலத்தால் இன்றும் இரண்டாகவே உள்ளது. அங்கே 2003இல் கடவுவழி திறந்தபோது, பல ஆண்டுகள் காணாத தம் பழைய வீட்டைக் காண மக்கள் வரிசையில் நின்றனர்.

பெர்லின் புகட்டும் பாடங்கள் எல்லை வேலிகளுக்கு மட்டும் உரியவையல்ல. ஒரு தெருவுக்கும் ஓர் ஊருக்கும் ஒரு குடும்பத்துக்கும் அவை பொருந்தும். மதில் ஓரிரவில் எழுகிறது. ஆனால் அதற்கான கற்களை மாந்தர் தம் பேச்சில் பல்லாண்டு முன்னரே சுமந்து சேர்க்கின்றனர். அடைப்பதற்குப் பாதுகாப்பு எனப் பெயரிடுவோர் எக்காலத்தும் உளர். யாரை யாரிடமிருந்து காக்க என வினவுதல் குடிமக்கள் கடன். மறுபுறத்தார் கண்ணுக்கு அச்சுவர் எவ்வாறு தோன்றும் எனக் காணும் அநேகாந்தப் பார்வை இல்லாவிடத்து எப்பிளவும் ஆறாது. ஆணையை நிறைவேற்றும் இடத்திலிருப்போரும் மனிதரே. ஓர் அலுவலரின் ஒரு கணத் தெளிவு பல உயிர்களைக் காத்தது.

பெர்னவர் தெருவில் தகர்க்கப்பட்ட தேவாலயம் இருந்த இடத்தில், அதன் இடிபாட்டுத் துண்டுகளை மண்ணோடு குழைத்து 2000ஆம் ஆண்டில் சிறு வழிபாட்டுக்கூடம் ஒன்றைக் கட்டினர். அதனைச் சூழ்ந்த நிலத்தில், முன்பு காவலரின் கண்ணுக்குத் தடையாகப் புல்லும் முளைக்கலாகாது என நஞ்சு தெளிக்கப்பட்டது. இன்று அங்கே ஆண்டுதோறும் கம்புபோல் கதிர்விடும் ரை என்னும் தானியம் விளைகிறது. அதனை அறுத்து மாவாக்கி அப்பம் சுடுகின்றனர். அதனை உண்போருள் கிழக்கினரும் உளர், மேற்கினரும் உளர்.